விசாவுக்கு ஒரு ஜோடிப் படம்

வளைகுடாவில், ரோலா கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. வெள்ளைக் குடைக்குள் விளக்கு எரிகிறது. டியூட்டி முடிந்து நர்ஸ் உடுப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறாள் கவிஞர் அஜிஷா. பக்கத்து ஸ்டூலில், நேற்று அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாவலாசிரியன் கார்மேகம். எழுதிய நாவலுக்காக ஊரில் போலீஸ் அவனைத் தேடுகிறது. அவளுடைய கணவன் என்றால் இங்கே விசா கிடைக்கும். இருவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. "தோழர், கிட்ட வாங்க" என்கிறாள். போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்குகிறார். "புருஷனையாம்மா தோழர்ங்கிற?" கார்மேகம் சட்டைப்பையிலிருக்கும் பேனாவை அவசரமாக உருவுகிறான். அவள் அதைப் பிடுங்கி அங்கேயே செருகுகிறாள். "எதுக்கு ஒளிக்கிறீங்க? தெரியட்டும்." ஸ்டூல் கிறீச்சிட அவன் நகர்ந்து, அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, பல் தெரியச் சிரிக்கிறான். "ரெண்டு காப்பி போடுங்கண்ணே. ஒண்ணு எங்க ஊரு போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பணும்."