சுவரோரம் ஒரு மெழுகுவர்த்தி

ஜன்னலெல்லாம் அடைத்தாயிற்று. வாசலில் வைத்த பெரிய ஃபேன் வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. வெளிச்சுவரில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து சுடரை ஆட்டிவிடும் என்கிறார் கொத்தனார். தங்கை கட்டிய புது வீட்டில், மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி சுவரோரமாக நகர்கிறாள் அக்கா. பூச்சின் ஈர வாசனை மூக்கில் ஏறுகிறது. ஜன்னல் சட்டத்தின் மூலை, குழாய் நுழையும் இடம், ஸ்விட்ச் பெட்டி என்று ஒவ்வொன்றிலும் தேவைக்கு மேலேயே நின்று பார்க்கிறாள். சுடர் அசைவேனா என்கிறது. காற்றடித்தால் சுவர் விரிசலில் பழந்துணி அடைத்துவிட்டுப் படுக்கும் தன் வாடகை வீடு கண்ணுக்குள் வந்து நிற்கிறது. "எங்கயுமே ஒண்ணும் இல்லையாக்கா?" என்று பின்னாலிருந்து குழைகிறாள் தங்கை. கடைசி மூலையில் சுடர் சட்டென்று சாய்கிறது. "இங்க காத்து வருதுடி," என்கிறாள் அக்கா. வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கிறது. கொத்தனார் கரண்டியோடு வந்து குனிந்து பார்க்கிறார். "ஓட்டை இருந்தா சுடர் உங்க பக்கம்தானே சாயணும்? இது சுவர் பக்கம் சாயுது. நீங்க விட்ட பெருமூச்சும்மா." தங்கை சிரித்துவிடுகிறாள். அக்கா மூச்சை அடக்கிக்கொள்கிறாள். சுடர் நட்டுவைத்தாற்போல் நிமிர்ந்து நிற்கிறது.