இன்னொரு கால்

பாக்கியசீலியின் கணவன் அருளப்பன் இறந்தபோது, சவப்பெட்டியை மாதா கோயிலின் பெரிய வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாதென்று குறுக்கே நின்று மறித்தவர் மேலத்தெரு சவரிராயர். கீழத்தெருக்காரர்களுக்குப் பின்வாசல்தான் வழக்கம் என்றார். பெட்டியை முள்காட்டைச் சுற்றித்தான் தூக்கிப்போனார்கள்.

அடுத்து வந்த பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவிய பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். பெரிய வாசலில் பாக்கியசீலி ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். மடியில் வெள்ளைத் துண்டு.

"காலக் குடுங்கய்யா," என்றாள் சவரிராயரிடம்.

கூட்டம் நின்றுவிட்டது. அவர் என்ன செய்யப்போகிறார் என்று பின்னால் இருந்தவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அவள் கை பட்ட டம்ளரில்கூட அவர் தண்ணீர் குடித்ததில்லை.

"எம் மேல ஒனக்குக் கோவமில்லையாட்டி?"

"நெறைய இருக்குய்யா. ஆண்டவர்கிட்ட சொல்லி அழுதேன். கோவத்தோடயே போன்னுட்டாரு."

சவரிராயர் வலது செருப்பைக் கழற்றினார். அவள் விரலிடுக்கெல்லாம் தேய்த்து, அவசரமில்லாமல் கழுவித் துண்டால் ஒற்றினாள். ஒற்றைக்காலில் நின்றவர் தடுமாறி, விழாமலிருக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருப்பது யாருடைய தோள் என்று உறைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"அந்தக் காலையும் வைங்கய்யா," என்றாள் அவள்.