மாடி அறைக்கு ஏழு விதிகள்

வாசலில் நின்று, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டேன்.

கதவைத் திறந்த வயதான அம்மாவின் முகம் சட்டென்று இறுகியது. நான் கேட்டது உரிமையாளரை. கணவரைக் கேட்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வீடு தன் பெயரில்தான் இருக்கிறது, எதுவானாலும் தன்னிடமே கேட்கலாம் என்றார்.

தப்பு என்னுடையதுதான். படிவத்தில் உள்ள சொல்லையே சொல்லியிருக்க வேண்டும். பதினெட்டு வருடம் நகராட்சியில் குப்பை கொட்டியும் வாய் திருந்தவில்லை.

வீட்டில் ஓர் அறையை நாள் கணக்கில் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்களின் உரிமத்தைச் சரிபார்ப்பது என் வேலை. அடையாள அட்டையைக் காட்டினால் பலர் பதறிப்போவார்கள். இவர் அட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, எழுத்து எழுத்தாகப் படித்துத் திருப்பிக் கொடுத்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சராம். பதறியது நான்தான்.

மாடிக்கு அழைத்துப் போனார். அறையில் இருந்த விருந்தாளி, அறுபதைத் தாண்டிய மனிதர், சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டின் ஓரமாகப் போய் நின்றார்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. தீயணைப்பான் இருந்தது. புகை வந்தால் கத்துகிற கருவியின் பொத்தானைப் பேனாவால் அழுத்தினேன், கத்தியது. அவசர வழிக்கான வரைபடம், அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகளோடு கதவுக்குப் பின்னால் இருந்தது.

பக்கத்தில் வீட்டு விதிகள். விருந்தாளிக்கான விதிகளை எழுதி ஒட்ட வேண்டும் என்பது எங்கள் சட்டம். எல்லோரும் அலுவலகத்தில் கொடுக்கிற மாதிரித் தாளை அப்படியே ஒட்டிவிடுவார்கள். டீச்சர் சொந்தமாக எழுதியிருந்தார்.

ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடக் கூடாது. பல் தேய்த்துக்கொண்டே பேசக் கூடாது. ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்தக் கூடாது. படித்த செய்தித்தாளை மடித்து வைக்கவும். எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகவும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும்.

என் மனைவி எப்போது இங்கே வந்து எழுதிவிட்டுப் போனாள் என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது.

தாளின் அடியில் விருந்தாளியின் கையெழுத்து, மூன்று தேதிகளில் மூன்று முறை. இத்தனை விதிகளையும் படித்துவிட்டு ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வருகிறாரே. அங்கேதான் எனக்கு மூக்கில் வியர்த்தது.

பதிவேட்டைக் கேட்டேன். பழுப்பு அட்டை போட்ட நோட்டு. இந்த வருடப் பக்கங்களில் ஒரே பெயர். முப்பது இரவு, சில நாள் இடைவெளி, மறுபடி முப்பது, மறுபடி முப்பது.

ஒரே விருந்தாளி ஒரு வருடத்தில் தொண்ணூறு இரவுக்கு மேல் தங்கக் கூடாது. நேற்றோடு தொண்ணூறு முடிந்துவிட்டது. இன்றைக்கும் தங்கினால் உரிமம் போய்விடும். அடுத்த வருடம் பிறக்க இன்னும் ஏழு மாதம்.

தெரியும் என்றார் டீச்சர். தெரிந்துதான் அவர் பெட்டி கட்டுகிறாராம். பிறகு, அதட்டியே பழகிய அந்தக் குரலைத் தாழ்த்தி, விதிவிலக்கு எதுவும் இல்லையா என்று கேட்டார்.

தினமும் பத்துப் பேர் கேட்கிற கேள்விதான். நண்பரென்றாலும் இல்லை, கூட வேலை பார்த்தவரென்றாலும் இல்லை, சொந்தக்காரர் தங்கினால் மட்டும் அவர் விருந்தாளிக் கணக்கில் வரமாட்டார் என்று ஒப்பித்தேன்.

டீச்சர் நோட்டின் அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

படிக்கட்டிலிருந்து அந்த மனிதர் தொண்டையைச் செருமினார். பதினொன்றே கால் பஸ்ஸில் தம்பி வீட்டுக்குப் போவதாகவும், மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவதாகவும், சேர்ந்ததும் போன் செய்வதாகவும் டீச்சரிடம் சொன்னார். ஒரு விருந்தாளி இவ்வளவு விவரம் சொல்லி விடைபெற்று நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டு முதல் படியில் காலை வைத்தார்.

"அவர் எங்கயும் போகல. அவர் எங்க வீட்டுக்காரர்."

டீச்சர்தான் சொன்னார். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்து.

நான் பேனாவும் கையுமாக விழித்தேன். உரிமையாளர் என்ற கட்டத்தில் டீச்சரின் பெயரை எழுதி அரை மணி நேரம் ஆகவில்லை. வீடு உங்கள் பெயரில் இருப்பதாகத்தானே சொன்னீர்கள் என்று கேட்டும்விட்டேன்.

பெட்டியைப் படியில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

கதவுக்குப் பின்னால் இருந்த ஏழு விதிகளையும் இன்னொரு தடவை படித்தேன். ஆறாவதை, எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகச் சொல்வதை, இரண்டு தடவை.

சொந்தம் என்பதற்குச் சான்று வேண்டும் என்று தயங்கித்தான் சொன்னேன். டீச்சர் தேடப் போகவில்லை. பதிவேட்டின் பழுப்பு அட்டைக்குள் விரலை விட்டு, நாலாக மடித்த திருமணப் பதிவுச் சான்றிதழை எடுத்து நீட்டினார். முதல் முப்பது இரவிலிருந்தே அது அங்கே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விருந்தாளிப் பட்டியலில் அந்தப் பெயரை அடித்தேன். எனக்கு ஏனோ மனசு நிறைந்துவிட்டது. ஒருவரின் பெயரை அடித்துவிட்டுச் சந்தோஷப்பட்டது என் வேலையில் இதுதான் முதல் தடவை.

இனி இது சொந்தக்காரர் தங்குகிற அறை, விதித் தாள் தேவையில்லை என்று சொல்லி, ஒட்டியிருந்த டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன்.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.