கை எட்டும் உயரம்

மண்ணூர்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. பசுமைக்குடிலின் இரும்புக் கால்கள் நட்டாயிற்று. சுருட்டி வைத்த பச்சை வலையின் ஓரம் மட்டும் காற்றில் படபடக்கிறது. தென்னைநார்த் தூள் நிரப்பிய பைகள் கைப்பிடிச் சுவரோரம் செடியில்லாமல் நிற்கின்றன. வெல்டர் மோகன் குறுக்குப் பைப்பைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்காரர் ஞானப்பிரகாசத்தைத் திரும்பிப் பார்க்கிறான். "சார், இவ்ளோ தாழ்வா வெச்சா, தொட்டி மாட்டினதும் உங்க மூஞ்சில இடிக்கும். ஒரு அடி ஏத்தட்டா?" அவர் படிக்கட்டுச் சுவரில் மழைக்குப் பாதி அழிந்துபோன கரிக்கோட்டைப் பார்க்கிறார். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அவர் மனைவி ஃபிலோமினா கையை உயர்த்தி, விரல்நுனி பட்ட இடத்தில் அவரைக் கொண்டு போட வைத்த கோடு. "தண்ணி ஊத்தப் போறது நான்தானே? எனக்கு எட்டணும்" என்றாள் அன்று. மகளின் பிரசவத்துக்கென்று கனடா போனவள். குழந்தை நடக்கட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். இப்போது, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்கிறாள். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்த சங்கு ஊதி ஓய்கிறது. "இன்னா சார், யோசிச்சிகினே கீறீங்க? வெல்டு வெச்சிட்டா அப்பால ஏத்த முடியாது." "கோட்டுக்கே வை, மோகன்." பொறி தெறிக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பைப் ஆறியதும் கொக்கியில் ஒரு காலித் தொட்டியை மாட்டி, அதனடியில் தலை குனிந்து அந்தப் பக்கம் போகிறார். திரும்பி வரும்போதும் குனிகிறார். பழகிக்கொள்ள வேண்டுமே.