நாற்பதே வருட மாப்பிள்ளை

“மாப்பிள்ளைக்கு 2038 ஜனவரியோட ஆயுசு முடியுதாம். இன்னும் நாப்பதே வருசம்! என் பொண்ணுக்கு வேணாம் லா!” கம்ப்யூட்டர் ஜாதகத்தை மட்டும் பார்த்த தேவமலர், மலாக்கா சோதிடர் ரங்கசாமியிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“கோளாறு மெஷினுக்குத்தான் ஆன்ட்டி. நொடிய எண்ணி வைக்கிற இடம் சின்னது, 2038-ல ரொம்பிரும். யாரு ஜாதகமும் அங்கதான் நிக்கும்,” என்றான் பழுதுபார்க்க வந்தவன்.

பத்து நாள் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்து, அந்த இடத்தை அகலமாக்கினான். பழைய மெஷின் திணறியது. ஒரு தாள் அச்சாவதற்குள் தூரத்துச் செலண்டார் ஊருக்கு நடந்தே போய் வரலாம்.

ஒருவழியாகத் தாள் வந்தது. “எண்பத்தாறு வயசு!” என்றார் ரங்கசாமி.

தேவமலருக்கு முகமெல்லாம் பல். “மாப்பிள்ளைய நேர்ல பாக்கணுமே. எப்ப வருவாரு?”

“வந்து பத்து நாளாச்சு அத்தை,” என்றான் பழுதுபார்த்தவன்.