திரையில் பால் கொடுத்தவள்

பால் கொடுக்கும் தாய்மாரிடம் மருந்தைச் சோதித்துப் பார்க்க யாரும் துணியாததால், இந்துமதி கம்ப்யூட்டருக்குள் ஒரு தாயை உருவாக்கியிருந்தாள். எந்த மருந்து தாய்ப்பாலில் எவ்வளவு இறங்கும், குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று அது கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அவள் முதலில் சோதித்தது, பள்ளிக்கூட நாளிலிருந்து தான் விழுங்கிவரும் வலிப்பு மாத்திரையைத்தான். குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

பிள்ளை பிறந்ததும் அதை டாக்டரிடம் சொன்னாள். "உங்க கம்ப்யூட்டர் கணக்க மருந்துக் கமிட்டி ஒத்துக்கட்டும், அப்புறம் பாக்கலாம். இப்போதைக்கு எதுக்கும்மா வம்பு? பவுடர் பாலே குடுங்க" என்றார். மாமியார் ஒரு படி மேலே போனாள். "புள்ளைய கம்ப்யூட்டரா பெத்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பால் வற்றுவதற்காக மல்லிகைச் சரத்தை அவள் மார்பில் வைத்துத் துணியால் இறுகக் கட்டினாள். தினமும் புதுப் பூ. குழந்தை அழும்போதெல்லாம் பூ நனைந்தது. பிறகு நனைவது நின்றுபோனது.

கமிட்டி ஒத்துக்கொண்டுவிட்டது என்று ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று மாமியார் அன்றைக்கும் பூவைக் கட்டித்தான் அனுப்பினாள். அங்கே பெரிய திரையில், கம்ப்யூட்டர் தாய்க்குப் பால் சுரந்துகொண்டே இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இனிமே இந்த மாத்திரை சாப்பிடுற எந்தத் தாயும் பயப்பட வேண்டாம்" என்று லட்டை நீட்டிய இயக்குநர், சட்டென்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"என்னம்மா, மல்லிகை வாசம் ஆளைத் தூக்குது! தலையில பூவையே காணோமே?"