உடைந்ததை ஒட்டும் ஜீன்

"ஏங்க, முதல்ல அட்டையை நீட்டுங்க! மரமாட்டம் நின்னா நாம யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கணவர் அட்டையை நீட்டினார். லேப் டெக்னீஷியன் அதில் இருந்த எண்ணைப் பார்த்து, 218-ஆம் தாளை உருவினாள்.

அவளுடைய வேலை உள்ளே, சோதனைக் குழாய்களோடு. நோயாளிகளுக்கு அறிக்கையை விளக்கிச் சொல்லும் ஆலோசகர் பிரசவ விடுப்பில் போய்விட்டதால், இரண்டு நாளாக அந்த வேலையும் இவள் தலையில் விழுந்திருந்தது. தாளில் பெயரோ வயதோ எழுதுகிற வழக்கம் அந்தச் சோதனைக்கூடத்தில் இல்லை, வெறும் எண்தான். யார் நோயாளி என்று கேட்கவும் அவளுக்குக் கூச்சம். ஆனால் கேட்கத் தேவையே இருக்கவில்லை. ஜோடியாக வருகிறவர்களில் வாயே திறக்காதவர் நோயாளி. கேள்வி கேட்டே உயிரை எடுப்பவர் கூட வந்தவர். நேற்று வந்த பதினோரு ஜோடியிலும் இந்தக் கணக்கு பிசகவில்லை.

"உட்காருங்க சார்" என்றாள்.

"அவரு உட்காருவாரு. நீங்க விஷயத்தைச் சொல்லுங்கம்மா. கரண்ட் வச்சாலே போதுமா, இல்லை கத்தி வைக்கணுமா? அது தெரியாம மூணு வாரமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கோம்."

அந்த அம்மாளின் குரல் கரகரத்தது. இப்படி ஓயாமல் கத்தினால் யார் தொண்டைதான் தாங்கும் என்று டெக்னீஷியன் நினைத்துக்கொண்டாள். கணவரைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தாள்.

"சார், கரண்ட்னு சொல்ற இந்தக் கதிர்வீச்சு என்ன பண்ணும்னா, கேன்சர் செல்லுக்குள்ள இருக்கிற டிஎன்ஏவை உடைக்கும். உடைஞ்சா செல் செத்துப்போகும். ஆனா உடைஞ்சதை ஒட்டிச் சரி பண்றதுக்குன்னே சில ஜீன் இருக்கு. எல்லார் உடம்புலயும் இருக்கு, நல்லதுதான். இந்தத் தொண்டைக் கட்டியில அதெல்லாம் அளவுக்கு மீறி வேலை செய்யுது."

"அதாவது, நாம உடைக்க உடைக்க அது ரிப்பேர் பண்ணிக்கிட்டே இருக்கும்?"

"அதேதான்மா."

"கொடுமையைப் பாருங்க! கிச்சன் குழாய் ஒழுகுது, ரிப்பேர் பண்ண ஆளைக் கூப்பிடுங்கன்னு இவர்கிட்ட ஆறு மாசமா தலைதலையா அடிச்சுக்கிறேன், நடக்கலை. கட்டிக்கு மட்டும் உள்ளயே மெக்கானிக் உட்கார்ந்திருக்கான்!"

டெக்னீஷியனுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவர் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"எண் மாறிப் போயிருக்குமோ? இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்" என்றாள் அந்த அம்மாள்.

"நானே மூணு தடவை பார்த்துட்டேன்மா. மூணும் ஒண்ணுதான். அதனால கதிர்வீச்சை நம்ப வேண்டாம்னு டாக்டருங்க முடிவு பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமை காலையில ஆபரேஷன். பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா குரல்பெட்டியை முழுசா எடுத்துடுவாங்க. கழுத்துல வச்சுப் பேசற கருவியெல்லாம் இருக்கு, பழகிக்கலாம். சொந்தக் குரல் மட்டும் திரும்ப வராது."

அறையில் முதல் தடவையாகச் சத்தம் நின்றது. அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். நாலைந்து மூச்சு விடும் நேரம்தான். பிறகு கணவர் பக்கம் திரும்பி, முன்னைவிட வேகமாகப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நல்லா கேட்டுக்கங்க. பெரியவ தானா போன் பண்ண மாட்டா, ஞாயித்துக்கிழமை நீங்கதான் பண்ணணும். எடுத்ததும் மாப்பிள்ளையை விசாரிக்காதீங்க, முதல்ல அவளைச் சாப்பிட்டியான்னு கேளுங்க. உங்க பிரஷர் மாத்திரை நீல டப்பாவுல இருக்கு. பக்கத்து வீட்டுல ஏணி குடுத்திருக்கோம், கேட்டு வாங்கணும். நீங்க எங்க கேட்கப்போறீங்க, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமே உங்களுக்கு..."

டெக்னீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பொம்பளை இவள்! மனுஷன் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். ஏணியாம், மாத்திரையாம்! கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லையே.

"அம்மா, இந்தத் தாளை எதிர்க் கவுண்டர்ல ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறீங்களா?"

"ஒண்ணு போதுமா, ரெண்டா? எதுக்கும் மூணா எடுத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் போனாள். வரிசையில் நின்ற யாரையோ தள்ளி நிற்கச் சொல்லும் குரல் மூடிய கதவையும் தாண்டிக் கேட்டது.

டெக்னீஷியன் மேஜைமேல் குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மூணு நாளாவது அவங்களைக் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. இப்ப உங்களுக்கு நிம்மதிதான் முக்கியம்."

அவர் நிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன, குரல் கணீரென்று வந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. பேசட்டும் விடுங்க. வெள்ளிக்கிழமை எடுக்கப்போறது அவ குரலைத்தான்."